ஆங்கில நெடுவில்

ஆங்கில நெடுவில் என்பது ஒரே மரத்துண்டிலிருந்து செதுக்கி உருவாக்கப்படும், எய்பவரின் உயரத்தை ஒத்த அல்லது அதனினும் நீண்ட வில் ஆகும். 14 ஆம் நூற்றாண்டு முதல் 16 ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்துப் படைகளின் முதன்மையான போர்க்கருவிகளுள் ஒன்றாக இது விளங்கியது. கொம்பு, தசைநாண், மரம் ஆகியவற்றை ஒட்டிச் செய்யப்பட்ட ஆசியக் கூட்டு விற்களைப் போலன்றி, இதன் உடலில் ஒட்டுப்பொருளோ வலுவூட்டும் அடுக்கோ இல்லை. மரம் இயல்பாகவே பெற்றுள்ள பண்புகளை மட்டும் நம்பிச் செய்யப்படுவதால், தகுந்த மரத்தைத் தெரிவதும், அதன் இழையோட்டத்தை அறிந்து செதுக்குவதும் இவ்வில்லாக்கத்தின் அடிப்படைகள் ஆகும். படைக்கருவி என்ற நிலையை இழந்து நான்கு நூற்றாண்டுகள் கடந்த பின்னரும், விளையாட்டாகவும் கைவினையாகவும் இது பேணப்பட்டு வருகின்றது.

பெயரும் வடிவமும்

இடைக்கால ஆங்கில ஆவணங்களில் இக்கருவி பெரும்பாலும் "வில்" என்றே குறிக்கப்பட்டது. குறுக்குவில்லிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் தேவை எழுந்தபோது "நெடுவில்" என்னும் பெயர் பரவியது.

வில்லின் நடுவே கைப்பிடியும், அதற்கு மேலும் கீழும் மேற்புயம், கீழ்ப்புயம் ஆகியனவும் உள்ளன. நாண் மாட்டப்படும் முனைப்பள்ளம் குதை எனப்படும். வில்லைப் பிடித்து நிற்பவரை நோக்கிய பக்கம் வயிறு என்றும், இலக்கை நோக்கிய பக்கம் முதுகு என்றும் அழைக்கப்படுகின்றன. நாணை இழுக்கும்போது முதுகு நீட்சியடைந்து இழுவிசைக்கு உள்ளாகின்றது. வயிறு குறுகி அமுக்கவிசைக்கு உள்ளாகின்றது. வில்லாக்கம் பற்றிய எல்லாக் கேள்விகளும் இறுதியில் இந்த இரு விசைகளுக்கே திரும்பி வருகின்றன.

நெடுவில்லின் குறுக்குவெட்டு ஆங்கில எழுத்தான "டி"யின் வடிவை ஒத்தது. முதுகு ஏறத்தாழத் தட்டையாகவும், வயிறு திரண்டு உருண்டும் இருக்கும். அகலத்துடன் ஒப்பிடுகையில் தடிப்பு மிகுதி என்பதே இதனைப் பிற மர விற்களிலிருந்து பிரித்தறிய உதவும் அடையாளம் ஆகும்.

யூ மரம்

நெடுவில்லுக்கு மிக உயர்வாகக் கருதப்பட்ட மரம் யூ ஆகும். இது ஐரோப்பாவில் வளரும், மிக மெதுவாகப் பருக்கும் ஊசியிலை மரம். இதன் நடுப்பகுதியான வைரம் செம்பழுப்பு நிறத்திலும், பட்டையை ஒட்டிய வெளிறு பால் நிறத்திலும் காணப்படும். இவற்றையே தாவரவியல் பாடநூல்கள் வைரக்கட்டை, சாற்றுக்கட்டை எனக் குறிப்பிடுகின்றன.

பொதுவாக மரங்கள் இழையின் போக்கில் இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கவிசையைத் தாங்குவதில்லை. எனவே பெரும்பாலான மரங்களில் செய்த வில்லில் முதலில் சோர்வது வயிறே. யூ மரத்தின் வைரமோ அமுக்கத்தைச் சிறப்பாகத் தாங்கி மீள்கின்றது. வெளிறு நீட்சியைத் தாங்குகின்றது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே வளர்வதால், அந்த எல்லையை உள்ளடக்கிச் செதுக்கினால் ஒரே கட்டையில் இயற்கையான கூட்டு வில் கிடைத்து விடுகின்றது. வயிறு உருண்டையாக இருக்கும் வில்லில் அமுக்கம் ஒரு குறுகிய வரியில் குவிகின்றது. அதைத் தாங்கும் வைரம் யூவுக்கு இருந்ததாலேயே நெடுவில்லின் தடித்த வடிவம் நிலைத்தது.

இங்கிலாந்தின் தேவாலய முற்றங்களில் நிற்கும் பழைய யூ மரங்கள் வில்லுக்காகவே நடப்பட்டவை என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் உள்நாட்டு யூ பெரும்பாலும் கணுக்களும் முறுக்கும் நிறைந்தது. உயர்மலைப் பகுதிகளில் குளிரில் மெதுவாக வளர்ந்த, நெருங்கிய ஆண்டு வளையங்களும் நேரான இழையும் கொண்ட யூவே விரும்பப்பட்டது. அத்தகைய கட்டைகள் ஸ்பெயின், இத்தாலி, ஆல்ப்ஸ் மலைப்பகுதி ஆகிய இடங்களிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டன. 1472 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆங்கிலத் துறைமுகத்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு விற்கட்டைகளைக் கொண்டுவர வேண்டும் என விதித்தது. மூன்றாம் ரிச்சர்டு ஆட்சியில் 1484 ஆம் ஆண்டில், இறக்குமதியாகும் மால்ம்சி வகை மதுவின் ஒவ்வொரு பீப்பாய்க்கும் பத்துக் கட்டைகள் எனப் புதிய விதி வந்தது. ஒரு நாட்டின் பாதுகாப்பு அயல்நாட்டுக் காடுகளைச் சார்ந்திருந்த நிலையை இச்சட்டங்கள் தெளிவாகக் காட்டுகின்றன.

யூ கிடைக்காதபோதும், பயிற்சிக்கும், ஆஷ், விச் எல்ம் முதலிய மரங்கள் பயன்பட்டன. யூ கட்டைகளைச் சிக்கனமாகச் செலவிட வேண்டி, வில் செய்வோர் இத்தகைய "தாழ்ந்த" மரங்களிலும் விற்கள் செய்ய வேண்டும் என எட்டாம் ஹென்றியின் காலத்தில் சட்டம் இயற்றப்பட்டது.

யூ மரத்தின் இலை, விதை, மரத்தூள் ஆகியவற்றில் டாக்சின் என்னும் நச்சு உள்ளது. இலையைத் தின்ற கால்நடைகள் இறப்பதுண்டு. இம்மரத்தைச் செதுக்குவோர் முகமூடி அணிந்து பணியாற்றுதல் இன்றியமையாதது. இதே இலைகளிலிருந்து பெறப்படும் ஒரு சேர்மம் புற்றுநோய் மருந்துத் தயாரிப்பில் மூலப்பொருளாகப் பயன்படுவதும் குறிப்பிடத்தக்கது.

செய்முறை

கட்டையும் உலர்த்தலும்

வில்லுக்கான மரம் பொதுவாகக் குளிர்காலத்தில், சாறு ஓட்டம் குறைந்திருக்கும்போது வெட்டப்படுகின்றது. அடிமரத்தை வாளால் அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளப்பதே மரபு. வாள் தன் வழியே செல்லும். பிளவோ இழையின் வழியே செல்லும். இழை முறுகியிருந்தால் பிளந்த கட்டையும் முறுகியே வரும் என்பதால், பயனற்ற மரம் தொடக்கத்திலேயே வெளிப்பட்டு விடுகின்றது.

பிளந்த கட்டையின் இரு முனைகளிலும் மெழுகு, பசை அல்லது வண்ணம் பூசப்படுகின்றது. முனைகள் வழியாக ஈரம் விரைந்து வெளியேறினால் மரம் நீளவாக்கில் வெடிக்கும். பின்னர் நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஓராண்டோ அதற்கு மேலோ உலர்த்தப்படும். ஈரப்பதம் ஏறத்தாழ 10 விழுக்காட்டை எட்டிய மரமே செதுக்குவதற்கு ஏற்றது. ஈரம் மிகுந்த மரத்தில் செய்த வில் வளைத்த நிலையிலேயே தங்கிவிடும். மிகையாக உலர்ந்த மரம் நொறுங்கும்.

உருவம் கொடுத்தல்

முதலில் முதுகு தீர்மானிக்கப்படுகின்றது. ஆஷ், எல்ம் போன்ற மரங்களில் பட்டையை நீக்கியபின் ஒரே ஆண்டு வளையம் முனைமுதல் முனைவரை அறுபடாமல் முதுகாக அமைய வேண்டும். வளையம் அறுபடும் இடத்தில் இழைகள் வெளியே முடிகின்றன. வில் முறிவது பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். யூவில் வெளிறு சில மில்லிமீட்டர் தடிப்புக்குக் குறைக்கப்படுகின்றது. மேடு பள்ளமாக வளர்ந்த கட்டையில் முதுகும் மேடு பள்ளமாகவே விடப்படும். கணு இருக்கும் இடத்தில் அதனைச் சுற்றிச் சற்றே கூடுதலாக மரத்தை விட்டுவைப்பர். இதனால் நல்ல யூ வில் ஒன்று பார்வைக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றலாம். பளபளப்பாகவும் நேராகவும் இருப்பதே சிறந்த வில் எனக் கருதுவது தவறு.

முதுகு அமைந்தபின் நடுக்கோடு வரைந்து, கோடரி, இருபுறமும் பிடி கொண்ட இழுகத்தி, இழைப்புளி, மர அரம் ஆகியவற்றால் பக்கங்களும் வயிறும் குறைக்கப்படுகின்றன. கைப்பிடிப் பகுதியில் தடிப்பும் அகலமும் மிகுதியாகவும், முனைகளை நோக்கிச் சீராகக் குறைந்தும் வருமாறு வடிவம் கொடுக்கப்படும். இந்நிலைக்குப் பின்னர் முதுகில் கருவி படக்கூடாது. இனி நீக்கப்படும் மரம் முழுவதும் வயிற்றிலிருந்தும் பக்கங்களிலிருந்துமே எடுக்கப்படும்.

வளைவைச் சீரமைத்தல்

ஆங்கிலத்தில் டில்லரிங் என வழங்கப்படும் இப்படிநிலையே ஒரு கட்டையை வில்லாக்குகின்றது. இரு புயங்களும் ஒத்த அளவில், நீளம் முழுவதும் சுமையைப் பகிர்ந்து வளையுமாறு சிறிது சிறிதாக மரத்தைச் சுரண்டி நீக்குவதே இதன் நோக்கம்.

இதற்கு மிகுந்த பொறுமை தேவைப்படுவதன் காரணத்தை எளிய கணக்கு ஒன்றினால் விளக்கலாம். ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிப்பின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமைகின்றது. 30 மில்லிமீட்டர் தடிப்புள்ள இடத்தில் 3 மில்லிமீட்டர், அதாவது பத்தில் ஒரு பங்கு, நீக்கினால் விறைப்பு 27 விழுக்காடு குறைந்து விடும். முனைக்கு அருகே 15 மில்லிமீட்டர் தடிப்புள்ள இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் நீக்கினாலும் 19 விழுக்காடு குறையும். அகலத்தில் செய்த பிழையை மரம் பொறுத்துக்கொள்ளும். தடிப்பில் செய்த பிழையைப் பொறுக்காது. நீக்கிய மரத்தை மீண்டும் ஒட்ட வழியில்லை.

முதலில் கட்டையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை அழுத்தி ஒவ்வொரு புயமும் வளைவது பார்க்கப்படும். பின்னர், வில்லைவிட நீண்ட தளர்வான நாண் ஒன்றைப் பூட்டி, சுவரில் பொருத்திய தாங்கியின் மேல் வில்லை வைத்து, கப்பி வழியாகக் கயிற்றைக் கீழே இழுப்பர். செய்பவர் சில அடி தள்ளி நின்று வளைவை நோக்க இம்முறை வசதியானது. வளையாமல் நேராக நிற்கும் இடங்கள் கரித்துண்டால் குறிக்கப்பட்டு, அங்கு மட்டும் மரம் சுரண்டப்படும். மிகையாக வளையும் இடத்தைத் தொடுவதில்லை. அதன் இருபுறமும் உள்ள விறைப்பான பகுதிகளைக் குறைத்து, அவையும் அதே அளவு வளையுமாறு செய்யப்படும். ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னரும் வில்லை இருபது முப்பது தடவை சிறிய அளவில் இழுத்து விட வேண்டும். நீக்கிய மரத்தின் விளைவு அதன் பின்னரே முழுமையாக வெளிப்படும்.

வளைவு ஒத்து வந்தபின் குட்டையான நாண் பூட்டி, இழுப்பு நீளம் சில சென்டிமீட்டர்களாகக் கூட்டப்படும். இங்கு கடைப்பிடிக்கப்படும் விதி ஒன்று உண்டு: முடிவில் வேண்டிய இழுப்பு எடைக்கு மேல் வில்லை எந்நிலையிலும் இழுக்கலாகாது. 50 பவுண்டு வில்லாக முடிய வேண்டிய கட்டை 40 சென்டிமீட்டர் இழுப்பிலேயே 50 பவுண்டு காட்டினால், அங்கேயே நிறுத்தி மேலும் சுரண்ட வேண்டும். பிழையான வளைவுடன் வலிந்து இழுத்தால் வயிற்றின் இழைகள் நசுங்கி, நாணைக் கழற்றிய பின்னரும் வில் நேராகாமல் வளைந்தே நிற்கும். நிலைத்துவிட்ட இவ்வளைவு மிகுந்தால் வில்லின் வேகம் குறையும். நசுங்கல் மேலும் கூடினால் வயிற்றின் குறுக்கே மயிரிழை போன்ற கோடுகள் தோன்றும். அத்தகைய வில்லின் ஆயுள் பெரும்பாலும் முடிந்துவிட்டது எனலாம்.

இடைக்காலப் போர்விற்கள் கைப்பிடி உட்பட முழுவதும் வட்டவில் போல வளைந்தன. 19 ஆம் நூற்றாண்டின் இலக்கு விற்களில் கைப்பிடி விறைப்பாக விடப்பட்டது; எய்யும்போது கையில் அதிர்வு குறைய இது உதவியது. அம்பு வில்லின் நடுப்புள்ளிக்குச் சற்று மேலே செல்வதால் பிடி நடுப்புள்ளிக்குக் கீழாக அமைகின்றது. அதனை ஈடுசெய்யக் கீழ்ப்புயம் மிகச் சிறிதளவு விறைப்பாக விடப்படுவது வழக்கம்.

குதையும் நாணும்

யூ மென்மையான மரமாதலால் நாண் அதன் முனையை அறுத்துவிடக் கூடும். எனவே மாட்டுக் கொம்பின் நுனியைக் கூம்பு வடிவில் குடைந்து, வில்லின் முனையில் செருகி ஒட்டி, அக்கொம்பில் குதை வெட்டப்படும். நாண், கஞ்சாச் செடியின் தண்டிலிருந்தோ ஆளிச் செடியிலிருந்தோ எடுத்த நாரைத் திரித்து, தேன்மெழுகு பூசிச் செய்யப்பட்டது. தற்காலத்தில் டாக்ரான் முதலிய செயற்கை இழைகள் பயன்படுகின்றன. நாண் பூட்டிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் இடையே, கட்டைவிரலை நிமிர்த்திய முட்டியளவு இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது பழைய அளவு. இது ஏறத்தாழ 15 முதல் 18 சென்டிமீட்டர் வரை ஆகும். இறுதியில் உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் அல்லது மெழுகு பூசப்படும்.

அம்பு

வில் செய்வோரும் அம்பு செய்வோரும் லண்டனில் 1371 ஆம் ஆண்டு முதல் தனித்தனித் தொழிற்குழுக்களாகப் பிரிந்து இயங்கினர். அம்புத்தண்டுக்குப் பாப்லர், ஆஷ், பீச் போன்ற மரங்கள் பயன்பட்டன. வாத்தின் சிறகிலிருந்து எடுத்த மூன்று இறகுகள் ஒட்டப்பட்டு நூலால் சுற்றிக் கட்டப்பட்டன. நாண் அழுத்தும் விசையில் தண்டு பிளவாதிருக்க, அம்பின் குதையில் மெல்லிய கொம்புத் துண்டு பதிக்கப்பட்டது.

நெடுவில்லில் அம்பு வில்லின் நடுவே செல்வதில்லை. கையின் முட்டியின் மேல் தங்கி, வில்லின் பக்கவாட்டில் செல்கின்றது. நாணோ அம்பின் பின்முனையை வில்லின் நடுக்கோட்டை நோக்கித் தள்ளுகின்றது. அவ்வாறெனில் அம்பு பக்கவாட்டில் விலகிச் செல்லவேண்டும். ஆனால் நேராகச் செல்கின்றது. வில்லாளர் புதிர் எனப்படும் இதற்கான விடை, 1930 களில் கிளாரன்சு ஹிக்மன் விரைவு ஒளிப்படக் கருவியால் எடுத்த படங்களில் தெளிவானது. விடப்பட்ட அம்பு மீன் போல நெளிந்து, வில்லின் உடலைச் சுற்றி வளைந்து கடந்து, பின்னர் நேராகின்றது. எனவே அம்பின் வளைமை வில்லின் எடைக்குப் பொருந்த வேண்டும். வலக்கையால் நாணிழுப்பவர் எய்யும்போது, மிக விறைப்பான அம்பு இடப்புறமும், மிகத் துவண்ட அம்பு வலப்புறமும் விலகும். நன்றாக அமைந்த வில்லைக் குறைகூறுமுன் அம்பைச் சோதிப்பது அறிவுடைமை.

எய்யும் முறை

ஆங்கிலத்தில் வில்வித்தை பற்றி எழுதப்பட்ட முதல் நூலான டாக்சோபிலசு 1545 ஆம் ஆண்டில் ரோஜர் ஆசுக்கம் என்பவரால் வெளியிடப்பட்டது. அவர் எய்தலை நிற்றல், அம்பு பூட்டல், இழுத்தல், தாங்கல், விடுதல் என ஐந்தாகப் பகுத்தார். இன்றைய பயிற்சியாளர்களும் ஏறக்குறைய இதே வரிசையைப் பின்பற்றுகின்றனர்.

இலக்குக்குப் பக்கவாட்டில், கால்களைத் தோளகலம் பரப்பி நிற்க வேண்டும். அம்பு நாணுக்குச் செங்குத்தான நிலைக்குச் சற்று மேலே பூட்டப்படும். மூன்று விரல்களால் நாணைப் பற்றி, ஒரு விரல் அம்புக்கு மேலும் இரு விரல்கள் கீழும் இருக்க, முதுகுத் தசைகளைக் கொண்டு இழுக்க வேண்டும். புதியவர்கள் கையின் வலுவால் இழுக்க முயல்வதாலேயே விரைவில் களைப்படைகின்றனர். பாதிரியார் ஹியூ லாட்டிமர் 1549 ஆம் ஆண்டில் ஆற்றிய சமயவுரை ஒன்றில், தன் தந்தை கை வலுவால் அன்றி உடல் வலுவால் வில்லை இழுக்கக் கற்பித்ததையும், வளர வளரப் பெரிய விற்களை வாங்கித் தந்ததையும் நினைவுகூர்ந்துள்ளார். இடைக்கால வில்லாளர் எவ்வாறு உருவாக்கப்பட்டனர் என்பதற்கு இது நேரடிச் சான்று ஆகும்.

மர வில்லை முழு இழுப்பில் நெடுநேரம் நிறுத்தி வைத்தல் கூடாது. அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுதல் அதனினும் தீங்கானது. அம்புக்குச் செல்லவேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்குள்ளேயே சிதறுவதால் வில் அக்கணமே முறியக்கூடும். எய்து முடித்தபின் நாண் கழற்றப்பட வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் வில்லை வைத்தலும், ஒரு மூலையில் சாய்த்து வைத்தலும் தவிர்க்கப்பட வேண்டும். விரல்களுக்குத் தோலுறையும், வில்லைப் பிடித்த முன்கைக்குக் காப்பும் அணிதல் நன்று. இலக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத வெளியோ உறுதியான மண்மேடோ இருப்பதை உறுதி செய்யாமல் எய்தல் கூடாது.

ஆற்றலும் துளைதிறனும்

160 பவுண்டு வில்லை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் இழுக்கும்போது, இழுப்பு எடை சீராகக் கூடுவதாகக் கொண்டால், வில்லில் 215 ஜூல் அளவுக்கு ஆற்றல் சேமிக்கப்படுகின்றது. 80 கிராம் எடையுள்ள அம்பு நொடிக்கு 55 மீட்டர் வேகத்தில் வெளிப்பட்டால் அது கொண்டு செல்வது ஏறத்தாழ 120 ஜூல். எஞ்சியது வில்லின் புயங்களை நகர்த்துவதிலும், அதிர்விலும், மர இழைகளின் உள்ளுராய்விலும் செலவாகின்றது.

நெடுவில் உருக்குக் கவசத்தைத் துளைத்ததா என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்படும் கேள்வி. 2019 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் படமாக்கப்பட்ட ஒரு சோதனையில், 160 பவுண்டு வில்லிலிருந்து 25 மீட்டர் தொலைவில் எய்த கனமான அம்புகள், 15 ஆம் நூற்றாண்டின் தொடக்கக் கால மாதிரியில் செய்யப்பட்ட மார்புக் கவசத்தைத் துளைக்கவில்லை. ஆயினும் கவசத்தின் இணைப்புகள், முகம், கை கால்கள், குதிரைகள் ஆகியன பாதுகாப்புக் குறைந்தே இருந்தன. எனவே நெடுவில்லின் வெற்றியைத் துளைதிறனைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. எதிரியின் குதிரைகளைக் குலைப்பதும், முன்னேறும் அணியை நெருக்கித் தடுமாறச் செய்வதும் அதே அளவு பங்காற்றின.

வரலாறு

மர வில் நெடுவில்லினும் மிகத் தொன்மையானது. டென்மார்க்கின் ஹோல்மகார்டு சதுப்பு நிலத்தில் 1944 ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட எல்ம் மர விற்கள் ஏறத்தாழ கி.மு. 7000 ஐச் சேர்ந்தவை. 1991 ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலையில் கண்டெடுக்கப்பட்ட பனிமனிதன் ஏட்சியிடம், 1.82 மீட்டர் நீளமுள்ள, செதுக்கி முடிக்கப்படாத யூ வில் ஒன்று இருந்தது. கருவியின் வெட்டுத் தடங்கள் அதில் இன்றும் தெரிகின்றன. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே யூ மரத்தின் சிறப்பு அறியப்பட்டிருந்தது என்பதற்கு இது போதிய சான்றாகும்.

வேல்சு நாட்டவர் எல்ம் மரத்தால் செய்த வலிய விற்களைப் பயன்படுத்தியதை 12 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரால்டு என்னும் குருவானவர் பதிவு செய்துள்ளார். இங்கிலாந்து அரசர்கள் வேல்சு, ஸ்காட்லாந்துப் போர்களில் வில்லாளரைப் பெருமளவில் திரட்டத் தொடங்கினர். பால்கர்க் (1298), கிரெசி (1346), புவாட்டியே (1356), அஜின்கோர்ட் (1415) ஆகிய போர்களில் வில்லாளர் முக்கியப் பங்காற்றினர். ஆயினும், தம் முன்னே கூர்மரங்களை நட்டு அணிவகுக்க நேரம் கிடைக்காதபோது அவர்கள் எளிதில் சிதைந்தனர். 1429 ஆம் ஆண்டில் பட்டே என்னுமிடத்தில் பிரெஞ்சுக் குதிரைப்படை அவ்வாறே அவர்களை வென்றது. 1453 ஆம் ஆண்டில் காஸ்டியோன் போரைத் தீர்மானித்தவை பீரங்கிகள்.

மூன்றாம் எட்வர்டு 1363 ஆம் ஆண்டில், விடுமுறை நாட்களில் ஆடவர் வில் பயில வேண்டும் எனவும், காற்பந்து முதலிய விளையாட்டுகளைக் கைவிட வேண்டும் எனவும் ஆணையிட்டார். எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம், 24 வயதுக்கு மேற்பட்டோர் தொலையம்பு கொண்டு 220 கெசத்துக்கு, அதாவது ஏறத்தாழ 200 மீட்டருக்கு, குறைவான தொலைவில் பயில்வதைத் தடை செய்தது. மீண்டும் மீண்டும் இத்தகைய ஆணைகள் பிறப்பிக்கப்பட்டதிலிருந்து, மக்கள் அவற்றை எவ்வளவு ஆர்வத்துடன் பின்பற்றினர் என்பதை ஊகிக்கலாம்.

மேரி ரோஸ் விற்கள்

இடைக்கால விற்கள் நிலத்தில் ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை. முறிந்தவை விறகாயின, மற்றவை மக்கின. இதனால் போர்வில்லின் எடை பற்றி நெடுங்காலம் ஊகங்களே நிலவின. எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான மேரி ரோஸ், 1545 ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மத் அருகே மூழ்கியது. ஆசுக்கத்தின் நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். கடலடிச் சேற்றில் புதைந்திருந்த அதன் உடற்பகுதி 1982 ஆம் ஆண்டு அக்டோபர் 11 அன்று மேலே கொண்டுவரப்பட்டது. அகழ்வாய்வில் 137 முழு விற்களும் 3,500 க்கும் மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன.

இவ்விற்கள் 1.87 முதல் 2.11 மீட்டர் வரை நீளமுடையவை. எல்லாம் யூ, பெரும்பாலானவை நுண்ணிய வளையங்கள் கொண்ட உயர்தரக் கட்டையிலிருந்து செய்யப்பட்டவை. அளவுகளையும் அவற்றைப் போலச் செய்த புதிய விற்களையும் கொண்டு கணித்தபோது, இழுப்பு எடை 100 முதல் 185 பவுண்டு வரை இருந்திருக்கும் எனத் தெரிந்தது. தற்கால ஒலிம்பிக் ஆடவர் விற்கள் பெரும்பாலும் 45 முதல் 50 பவுண்டு அளவினவே. நடிகரும் நெடுவில் ஆய்வாளருமான ராபர்ட் ஹார்டி இவ்வாய்வில் பங்கேற்றார். இவ்வளவு கனமான விற்களை மனிதர் இழுத்திருக்க இயலாது என்ற ஐயம், பின்னர் பயிற்சி பெற்ற தற்கால வில்லாளர் அத்தகைய விற்களை இழுத்துக் காட்டியதால் நீங்கியது.

கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில், தோள்பட்டை எலும்பின் நுனி வளர்ந்தோரில் ஒட்டவேண்டியவாறு ஒட்டாமல் தனித்து நின்றது. வளர்பருவத்திலிருந்தே கனமான வில்லை இழுத்துப் பயின்றதன் விளைவாக இது இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மறைவு

துப்பாக்கி நெடுவில்லை வென்றதற்கு, அது மேம்பட்ட கருவியாக இருந்ததே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. 16 ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கி எய்யும் விரைவில் வில்லுக்கு மிகவும் பின்தங்கியிருந்தது. ஆனால் அதனை இயக்கச் சில வாரப் பயிற்சி போதும். 150 பவுண்டு வில்லை இழுக்கும் உடலை உருவாக்கவோ ஒரு தலைமுறையின் இளமை முழுவதும் தேவைப்பட்டது. மரமும் அருகியது. பெருமளவு ஏற்றுமதியால் ஆல்ப்ஸ் பகுதிக் காடுகளில் யூ அழிந்து வந்த நிலையில், 1562 ஆம் ஆண்டில் பவேரிய அரசு வெட்டுதலை நிறுத்துமாறு பேரரசரிடம் முறையிட்டது. மெதுவாக வளரும் மரம், மெதுவாக வளரும் வில்லாளர் ஆகிய இரண்டையும் விரைந்து பெருக்க எந்தச் சட்டத்தாலும் இயலவில்லை. சர் ஜான் சுமித் 1590 ஆம் ஆண்டில் வில்லை ஆதரித்து நூல் எழுதினார். எனினும் 1595 ஆம் ஆண்டில் அரசியின் ஆலோசனைக் குழு, ஊர்ப்படைகளில் விற்களுக்குப் பதிலாகத் துப்பாக்கிகளை வழங்க ஆணையிட்டது.

விளையாட்டாகவும் கைவினையாகவும்

1781 ஆம் ஆண்டில் சர் ஆஷ்டன் லீவர் லண்டனில் நிறுவிய டாக்சோபிலைட் சங்கத்தைத் தொடர்ந்து வில்வித்தை செல்வந்தரின் பொழுதுபோக்காகப் புத்துயிர் பெற்றது. பெண்கள் போட்டியிட்ட தொடக்கக் கால விளையாட்டுகளுள் இதுவும் ஒன்று. 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் குயினி நியூவல் தம் 53 ஆவது வயதில் தங்கப் பதக்கம் வென்றார்.

1930 களில் அமெரிக்காவில் ஹிக்மன், பால் குளோப்ஸ்டெக் முதலிய அறிவியலாளர்கள் வில்லைக் கணித முறையில் ஆராய்ந்தனர். தட்டையான, செவ்வக வெட்டுடைய புயங்களில் அமுக்கம் பரவலாகப் பகிரப்படுகின்றது என அவர்கள் காட்டியதிலிருந்து அமெரிக்கத் தட்டைவில் உருவானது. யூ அல்லாத மரங்களில் செய்வதற்கு இவ்வடிவமே ஏற்றது. இன்று முதன்முறையாக வில் செய்வோருக்கு ஆஷ், எல்ம், ஹிக்கரி ஆகியவற்றில், 30 முதல் 40 பவுண்டு எடையில், தட்டையான வில்லே பரிந்துரைக்கப்படுகின்றது. யூ வில் செய்ய விரும்புவோர் இத்தாலிய யூவையோ, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூவையோ நாடுகின்றனர். மேரி ரோஸ் விற்களும் அம்புகளும் 2013 ஆம் ஆண்டில் போர்ட்ஸ்மத்தில் திறக்கப்பட்ட மேரி ரோஸ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.